முன்பணம் யார் தந்தது? வெளிநாடு போகுமுன் நம்ம வரலாறு கொஞ்சம்

பசறையிலிருந்து மடுல்சீமை, லுணுகலை பக்கம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், மத்திய கிழக்கில் வேலை செய்துவிட்டு வந்த ஒருவரையாவது சந்திக்கலாம். இப்போது நம்ம வயசுக்காரர் பலர் கிளம்ப யோசிக்கிறார்கள். எந்த நாடு, எவ்வளவு சம்பளம் என்றுதான் முதலில் விசாரிக்கிறோம். ஆனால் வேலைக்காகக் கடல் தாண்டியது நம்ம குடும்பங்களில் இது முதல் தடவை இல்லையே. பூட்டன் பூட்டி வந்த கதையில், கேட்க வேண்டிய வேறு கேள்விகளும் இருக்கின்றன.

1830களில் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கமிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தோணியில் மன்னாருக்கு, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். பதுளைப் பக்கம் வந்தவர்கள் இன்னும் மலையேற வேண்டும். பதுளைக்கு ரயில் வந்ததே 1924இல்தான்.

இவர்களைக் கூட்டி வந்த கங்காணி யாரோ முன்பின் தெரியாத ஆள் இல்லை. பெரும்பாலும் அதே ஊர், அதே சாதி, சில சமயம் சொந்தக்காரர். தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டிய கதையை நம்ம பாட்டிமார் சொல்வாங்க. அதைக் கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால் அந்த மக்கள் ஏமாளிகள் இல்லை. ஊரில் பஞ்சம், கடன். தெரிஞ்ச ஆள் கையில் காசு வைத்துக் கூப்பிட்டால் யார்தான் போகமாட்டார்கள்?

கதையின் முடிச்சே அந்தக் காசில்தான். மொரிஷியசுக்கும் நேட்டாலுக்கும் போனவர்களை 5 வருட ஒப்பந்தம் கட்டிப்போட்டது. இலங்கையில் அப்படி இல்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி இது மாதக் கணக்கு வேலை. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு விலகலாம். அப்புறம் ஏன் போக முடியவில்லை?

கடன்தான் காரணம். ஊரில் வாங்கிய முன்பணம், வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கணக்கில் ஏறின. சம்பளம் மாசக்கணக்கில் பிந்தியது. வந்தாலும் பலருக்குக் கங்காணி கை வழியாகவே வந்தது. வேறு தோட்டத்துக்கு மாற ‘துண்டு’ வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் ஆட்களை விடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதுத் தோட்டம் கடனைக் கட்டும், கங்காணிக்கு மேலும் முன்பணம் கொடுக்கும். இரண்டுமே கடைசியில் தொழிலாளி தலையில்தான் விடியும். 1921இல்தான் சட்டம் துண்டை ஒழித்தது.

அடுத்த அடி காகிதத்தால் விழுந்தது. 1948 குடியுரிமைச் சட்டம், தகப்பன் இங்கே பிறந்ததற்கு, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. லயத்தில் பிறந்தவர்களில் எத்தனை பேரிடம் அந்தக் காகிதம் இருந்திருக்கும்? இந்திய வம்சாவளியினருக்கென்று 1949இல் வந்த சட்டம், வருடக்கணக்கில் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததை நிரூபிக்கச் சொன்னது. ஊருக்குப் போய் நீண்ட நாள் தங்கியிருந்தால் அதுவும் இடைவெளி. விண்ணப்பித்தவர்கள் சுமார் 8 லட்சம் பேர், கிடைத்தது சுமார் 1.34 லட்சம் பேருக்கு. பிறகு 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. இந்தப் பிரச்சினை முழுசாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது இன்றைக்கு வருவோம். வீட்டுவேலைக்குப் போகும் அக்காமாரின் குடும்பத்துக்கு ஏஜென்ட் முன்கூட்டியே காசு கொடுப்பது நமக்குத் தெரியும். பாதியில் திரும்ப நினைத்தால் அந்தக் காசைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். கூட்டிப் போகும் ஆளும் பெரும்பாலும் ஊர்க்காரர்தான். பேர் மாறியிருக்கு, கணக்கு அதேதான்.

துண்டுக்கும் ஒரு பேரன் இருக்கிறான். வளைகுடா நாடுகளில் உங்கள் விசா முதலாளியோடு கட்டப்பட்டிருக்கும் கஃபாலா முறை. பழைய முதலாளியின் அனுமதி இல்லாமல் வேலை மாறலாம் என்று கத்தார் 2020இல் சட்டத்தை மாற்றியது. சவூதி 2021இல் செய்த சீர்திருத்தத்தில் வீட்டுப் பணியாளர்களைச் சேர்க்கவில்லை. ஆகவே ஒரு நாட்டைப் பற்றிக் கேட்டது இன்னொரு நாட்டுக்குப் பொருந்தாது. எந்த நாடு, எந்த வேலை என்று பார்த்தே விசாரிக்கணும்.

கிளம்புமுன் இவற்றைக் கேளுங்கள். முன்பணம் யார் தந்தது, இடையில் வந்தால் எவ்வளவு திருப்பிக் கட்டணும், அது எழுத்தில் இருக்கா? ஏஜென்சிக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கா? சுற்றுலா விசாவில் அனுப்பி, போன பிறகு மாற்றலாம் என்கிறார்களா? அப்படியென்றால் நின்று யோசியுங்கள். பணியகத்தில் பதியாமல் போனால் காப்புறுதியும் இல்லை. ஒப்பந்தம் உங்களுக்கு விளங்கும் மொழியில் இருக்கா? அங்கே போனதும் கடவுச்சீட்டு யார் கையில் இருக்கும்?

ஒப்பந்தம், விசா, கடவுச்சீட்டு எல்லாவற்றிலும் ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். சம்பளச் சீட்டை மாசாமாசம் போட்டோ எடுத்து அனுப்புங்கள். நம்ம பூட்டன்மார் உழைத்ததற்கு மலை முழுக்க சாட்சி இருந்தது. ஆனால் 1949இல் அதிகாரி கேட்டது காகிதத்தை.