எடோ மாநகரின் நெருக்கடிகள்

எடோ என்பது டோக்கியோவின் பழைய பெயர். 1590இல் தொகுகாவா இயெயாசு இங்கு வந்து சேர்ந்தபோது, பாழடைந்த சிறு கோட்டையும் அதையடுத்த கரையோரக் குடியிருப்புகளுமே இருந்தன. 1603இல் அவர் நாட்டின் படைத்தலைமை ஆட்சியாளரான ஷோகன் ஆனதும் ஊரின் தலையெழுத்து மாறியது. கண்டா குன்றை வெட்டி, அந்த மண்ணைக் கொட்டி ஹிபியா கழிமுகத்தைத் தூர்த்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் மக்கள்தொகை 10 லட்சத்தைத் தாண்டியது. அன்றைய உலகின் மிகப் பெரிய நகரங்களுள் ஒன்று இது.

இத்தனை பேரை இங்கே கொண்டுவந்து குவித்தது அரசாணையே. நாட்டின் சிற்றரசர்கள் முறைவைத்து எடோவில் வந்து தங்க வேண்டும் என்று 1635இல் விதி வந்தது; மனைவி மக்களை அவர்கள் நிரந்தரமாக இங்கேயே விட்டுவைக்க வேண்டியிருந்தது. அவர்கள் பின்னால் பரிவாரங்கள் வந்தன. பரிவாரங்களுக்குச் சோறும் வீடும் துணியும் தர தச்சர், கொத்தர், வணிகர், கூலியாட்கள் வந்தார்கள். நகர நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு சாமுராய் மாளிகைகளுக்குப் போனது. கோயில்களுக்குப் போனது போக, மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதியாக இருந்த நகரவாசிகளுக்குக் கிடைத்தது ஆறில் ஒரு பங்குதான். ஒன்பதடி அகலம், பன்னிரண்டடி நீளம் கொண்ட அறைகள் வரிசையாக ஒட்டிய 'நகயா' வீடுகளில் குடும்பங்கள் அடைந்து கிடந்தன. எடோவின் பிற துயரங்கள் பலவற்றுக்கும் வேர் இந்த நிலப் பங்கீட்டில் இருக்கிறது.

அவற்றுள் முதன்மையானது தீ. மரச்சுவரும் காகிதக் கதவும் கொண்ட வீடுகள். குளிர்காலத்தில் வடமேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று. 1657 மார்ச் 2ஆம் நாள் ஹோங்கோ பகுதியின் ஹோன்மியோஜி கோயிலில் பற்றிய நெருப்பு, மறுநாள் வேறு இடங்களிலும் மூண்டு, மூன்று நாளில் நகரின் பெரும்பகுதியைத் தின்றது. மாண்டவர்கள் ஒரு லட்சம் பேர் வரை இருக்கலாம் என்பது மரபுவழிக் கணக்கு.

அந்தத் தீயின் கொடுமையை நகரின் அசகுசா வாயிலில் காணலாம். தெம்மாச்சோ சிறையை நெருப்பு நெருங்கியதும், சிறைத்தலைவர் இஷிதே தத்தேவகி மனமிரங்கி, தீ தணிந்ததும் திரும்பி வர வேண்டும் என்ற உறுதியைப் பெற்றுக்கொண்டு கைதிகளை அவிழ்த்துவிட்டார். கைதிகள் தப்பிவிட்டார்கள் என்று எண்ணிய காவலர்கள் அசகுசா வாயிலை அடைத்தார்கள். தப்பியோடி வந்த ஆயிரக்கணக்கானோர் மூடிய கதவுக்கும் தீக்கும் இடையே நசுங்கியும் வெந்தும் செத்தார்கள். கைதிகளோ சொன்ன சொல் காத்துத் திரும்பி வந்தார்கள்.

கோட்டையின் உச்சிக் கோபுரமும் எரிந்துபோனது. அதை மீண்டும் எழுப்புவதைவிட நகரைச் சீரமைப்பதே அவசரம் என்று ஷோகனின் ஆலோசகர் ஹோஷினா மசயுகி வாதிட்டார். கோபுரம் பிறகு எழும்பவே இல்லை. அந்த ஆட்சி எடுத்த மிகச் சிறந்த முடிவு இதுவாகவே இருக்கும். மாளிகைகளும் கோயில்களும் புறநகருக்கு நகர்ந்தன. தெருக்கள் அகன்றன. தீ தாவாதபடி வெற்றிடங்கள் விடப்பட்டன. சுமிதா ஆற்றைக் கடந்து ஓட வழியில்லாமல் பலர் மாண்டதால் ரியோகோகு பாலம் கட்டப்பட்டது. ஆனால் நெரிசல் சும்மா இருக்கவில்லை: பாலத்தை ஒட்டித் தீத்தடுப்புக்காக விட்ட திடலில் சில காலத்திலேயே தேநீர்க் கடைகளும் கூத்துக் கொட்டகைகளும் முளைத்தன.

1720இல் நகர நீதிபதி ஓஓகா ததசுகேயின் முயற்சியால் நகரவாசிகளின் தீயணைப்புக் குழுக்கள் 'இரோஹா' எனும் ஜப்பானிய எழுத்துவரிசையின் பெயரில் ஒழுங்குபடுத்தப்பட்டன. அவர்கள் பெரும்பாலும் சாரம் கட்டும் தொழிலாளர்கள். தண்ணீர் இறைத்து அணைப்பதைவிட, காற்று போகும் திசையிலுள்ள வீடுகளைக் கொக்கியால் இழுத்துச் சாய்ப்பதே அவர்கள் வேலை. அந்த வீடுகள் பெரும்பாலும் ஏழைகளுடையவை.

குடிநீரும் ஒரு நெருக்கடிதான்: தூர்த்த நிலத்தில் கிணறு வெட்டினால் உவர்நீர். எனவே 1653இல் ஹமுராவிலிருந்து யோத்சுயா வரை 43 கி.மீ. நீளத்துக்கு தமகாவா கால்வாய் வெட்டப்பட்டது. அதன் நீர் மண்ணுக்கடியில் மரக்குழாய்களில் ஓடி, சந்துகளின் கிணறுகளை நிரப்பியது. கழிப்பறை மலத்தை உழவர்கள் காசுக்கோ காய்கறிக்கோ வாங்கி எருவாக்கினார்கள். அந்த வருமானம் வீட்டுப் பொறுப்பாளர் கைக்குப் போனது, குடியிருப்போருக்கு அல்ல.

தீட்டிய வெள்ளரிசியே உணவாகிப்போனதால் கால் மரத்து நடை தளரும் பெரிபெரி பரவியது. ஊர் திரும்பினால் குணமானதால் அதை 'எடோ நோய்' என்றார்கள். 1787இல் அரிசி விலை ஏறியபோது பசித்த கூட்டம் அரிசிக் கடைகளை உடைத்து நொறுக்கியது. அதற்குப் பின்னரே பஞ்சகால நிதி ஏற்படுத்தப்பட்டது. கிராமத்திலிருந்து வந்தவர்களைத் திரும்பிப் போகத் தூண்டும் ஆணையும் வந்தது.

1868இல் எடோ டோக்கியோ ஆனது. 1923 நிலநடுக்கத் தீயில் மீண்டும் பெருமளவு எரிந்தது. தமகாவா கால்வாயின் மேற்பகுதி இன்றும் டோக்கியோவின் குடிநீருக்குப் பயன்படுகிறது.