மரணப் படுக்கையருகே ஒரு மருந்து

சாவை எதிர்நோக்கிக் கிடக்கும் மனிதனின் வலியை மருத்துவத்தால் தணிக்க முடியும். அவனது அச்சத்தைத் தணிக்க முடியுமா? இவ்வினாவுக்கு விடை தேடிய ஓர் ஆய்வின் வரலாறு நம் சிந்தனைக்குரியது.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரையடுத்த ஸ்பிரிங் குரோவ் மனநல மருத்துவமனையில் 1960களில் எல்.எஸ்.டி. கொண்டு உளமருத்துவ ஆய்வுகள் நடைபெற்றன. அங்குப் பணிபுரிந்த பெண்ணொருவரே புற்றுநோய்க்கு ஆளானபோது, அவரது விருப்பப்படி அம்மருந்து அளிக்கப்பட்டது. அவர் உள்ளம் அமைதியுற்றதைக் கண்ட ஆய்வாளர், புற்றுநோயாளர்பால் தம் கவனத்தைத் திருப்பினர். மருத்துவமும் இறையியலும் கற்ற வால்ட்டர் பான்க்கே இப்பணியில் முன்னின்றார். 1971இல் அவர் கடலில் மூழ்கி இறந்தபின், ஸ்டானிஸ்லாவ் கிராஃப், வில்லியம் ரிச்சர்ட்ஸ் முதலியோர் அதைத் தொடர்ந்தனர்.

எல்.எஸ்.டி.யின் விளைவு ஒரு பகல் முழுவதும் நீடிக்கும். தளர்ந்த உடலுக்கு அது பெருஞ்சுமை. எனவே டைபுரோப்பில்டிரிப்டமைன் என்னும் செயற்கைப் பொருளை, சுருக்கமாக டி.பி.டி.யை, அவர்கள் நாடினர். ஊசிவழி செலுத்தினால் சில மணி நேரத்தில் அதன் வேகம் அடங்கிவிடும். சிலர் அந்நேரத்தில் கலங்கினர், நடுங்கினர். சிலர் எல்லையற்ற ஒன்றோடு இணைந்ததாக உணர்ந்து, இறப்பைப் பற்றிய அச்சம் குறைந்ததென்றனர்.

ஆயினும் இது அற்புத மருந்தன்று. குடிநோயாளரிடையே நடந்து 1977இல் வெளியான ஒப்பீட்டாய்வில், அதற்கு நிலைத்த மேன்மை எதுவும் காணப்படவில்லை. நியூயார்க்கில் சிறு சமயக் குழுவொன்று இப்பொருளையே தன் அருள்சாதனமாக்கிக்கொண்டது. கருவியைக் கடவுளாக்கும் பழைய மயக்கம் அது. 1970களின் பிற்பகுதியில் ஸ்பிரிங் குரோவ் ஆய்வுகள் நின்றன. அதே பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம், ரிச்சர்ட்ஸின் பங்கேற்புடன், 51 புற்றுநோயாளரிடம் நடத்திய ஆய்வை 2016இல் வெளியிட்டது. அப்போது பயன்பட்டது டி.பி.டி. அன்று, சைலோசைபின்.

இவ்வரலாற்றில் பலர் கவனியாத செய்தி ஒன்றுண்டு. ஊசி போடுமுன் சிகிச்சையாளர் பல மணி நேரம் நோயாளியுடன் அமர்ந்து, அவர் வாழ்வையும் மனக்குறைகளையும் கேட்டனர், குடும்பத்தாரோடும் பேசினர். மருந்தின் வேகம் தணியும்வரை அருகிருந்தனர். பின்னரும் வந்து உரையாடினர். மருந்து உடலில் தங்கியதோ சில மணி நேரம். மனிதர் உடனிருந்ததோ பல நாள். அமைதி தந்தது எது? இரண்டையும் முற்றிலும் பிரித்தறிதல் எளிதன்று.

நோயில்பூசுதலுக்காக இல்லங்களுக்குச் செல்லும்போது இது என் நினைவுக்கு வரும். அறை நிறைய உறவினர் நிற்பர். “எல்லாம் சரியாகிவிடும்” என்பர். சாகப்போகிறவரின் அச்சத்தை அவர் வாயாலேயே சொல்லக் கேட்பவர் எவருமிலர். அதைக் கேட்பதற்கு மருந்தும் வேண்டாம், ஆய்வுக்கூடமும் வேண்டாம். ஒரு நாற்காலியும் சிறிது நேரமும் போதும். அதையேனும் நாம் அவருக்குத் தருகிறோமா?