பழைய நடுத்தர லாரிகளுக்கான மாற்று டயர்கள்

அமெரிக்காவில் 1940-களிலிருந்து 1970-கள் வரை தயாரான நடுத்தர லாரிகளில் பல, 20 அங்குல ரிம்மில் டியூப் வைத்த டயர்களுடன் ஓடியவை. ஃபோர்டு நிறுவனத்தின் எஃப்-6, எஃப்-600, செவர்லேயின் 'அட்வான்ஸ் டிசைன்' வரிசை, 1962 முதல் 1978 வரை வெளிவந்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் லோட்ஸ்டார் ஆகியவை இவ்வகையில் நன்கு அறியப்பட்டவை. இவற்றில் எஞ்சியிருப்பவற்றைப் பண்ணையாளர்களும் பழைய வண்டி ஆர்வலர்களும் பாதுகாத்து வருகின்றனர். இத்தகைய லாரிக்கு டயர் மாற்ற வேண்டியிருக்கும்போது, எந்த டயர் என்பதற்கு முன், எந்த ரிம் என்று பார்க்க வேண்டியுள்ளது. இதற்கான காரணம் லாரி டயரின் வரலாற்றில் உள்ளது.

தோற்றம்

தொடக்ககால லாரிகள் திட ரப்பர் டயர்களில் மெதுவாக ஓடின. சரக்கும் சாலையும் ஒருங்கே சேதமடைந்தன. 1917-இல் குட்இயர் நிறுவனம், காற்றடைத்த டயர் லாரிக்கும் ஏற்றது என்று காட்ட, ஆக்ரன் நகரிலிருந்து பாஸ்டனுக்கு 'விங்ஃபுட் எக்ஸ்பிரஸ்' என்னும் லாரிப் போக்குவரத்தைத் தொடங்கியது. முதல் பயணத்தில் டயர்கள் பலமுறை வெடித்தன. எனினும் முயற்சி கைவிடப்படவில்லை. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காற்றடைத்த டயரே லாரிகளில் வழக்கமாயிற்று. டயருக்குள் இருந்த பருத்தி இழைக்குப் பதிலாக முதலில் ரேயானும், இரண்டாம் உலகப்போருக்குப் பின் நைலானும் வந்தன.

பல துண்டு ரிம்

கார் டயரின் விளிம்பு ஓரளவு வளையும். ஆகவே நடுவில் பள்ளமுள்ள ஒற்றை ரிம்மில் அதை நெம்பி ஏற்றிவிடலாம். லாரி டயரின் விளிம்பிலோ தடித்த கம்பிக் கட்டு இருக்கிறது. சாலையோரத்தில் கைக்கருவிகளை மட்டும் கொண்டு அதை வளைப்பது கடினம். இதற்குத் தீர்வாக, ஒரு பக்க விளிம்பு தனி வளையமாகக் கழன்று வரும் ரிம்கள் உருவாயின. டயர், டியூப், ஃப்ளாப் மூன்றையும் ரிம்மில் செருகி, லாக் ரிங்கைப் பொருத்திக் காற்றடித்தால், அந்தக் காற்றழுத்தமே வளையத்தை இடத்தில் இறுக்கிப் பிடிக்கும்.

இந்த வசதியிலேயே ஆபத்தும் இருந்தது. வளையம் துருப்பிடித்தாலோ, வளைந்தாலோ, வேறொரு ரிம்முக்கு உரியதாக இருந்தாலோ, காற்றடிக்கும்போது பல டன் விசையுடன் தெறித்து வெளியேறும். எதிரே நின்ற தொழிலாளர் பலர் இறந்தனர். இத்தகைய ரிம்கள் பணிமனைகளில் 'விதவையாக்கி' என்னும் பட்டப்பெயர் பெற்றன. எனினும் எல்லாப் பல துண்டு ரிம்களும் ஒரே தன்மையுடையவை அல்ல. பக்கவாட்டில் லாக் ரிங் உள்ள வகையில், வளையம் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று வெளியிலிருந்தே பார்க்கலாம். 'ஆர்.எச். 5 டிகிரி' என்னும் வகையில் ரிம்மின் இரு பாதிகளும் நடுவில், டயருக்கு அடியில் இணைகின்றன. பூட்டு விழுந்ததா என்பதைக் கண்ணால் காண இயலாது. பட்டப்பெயர் பெரும்பாலும் இவ்வகையையே குறிக்கிறது. பழைய லாரியில் இது இருந்தால், பழுதுபார்க்காமல் அகற்றிவிடுவதே ஏற்கப்பட்ட நடைமுறை.

1980 விதிமுறை

அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு நிர்வாகம் 1980-இல் பல துண்டு ரிம்களுக்கான விதிமுறையைக் கொண்டுவந்தது. 1984-இல் ஒற்றை ரிம்களும் அதில் சேர்க்கப்பட்டன. அதன் முக்கிய கூறுகள்:

• கழற்றும் முன் வால்வின் உள்முனையை எடுத்துக் காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும்.
• கழற்றி மாட்டிய டயருக்குக் கூண்டு போன்ற தடுப்புக்குள் வைத்தே காற்றடிக்க வேண்டும்.
• காற்றுள்ள நிலையில் வளையத்தைச் சுத்தியலால் தட்டிச் சரிசெய்யக் கூடாது.
• விரிசல் விட்ட, வளைந்த, துருவால் அரித்த பாகங்களைப் பயன்படுத்தக் கூடாது.
• பொருந்தாத பாகங்களைக் கலந்து மாட்டக் கூடாது.

22.5 அங்குலம் வந்த விதம்

1950-களில் டியூப் இல்லாத லாரி டயர்கள் வந்தன. இவற்றுக்கு நடுவில் பள்ளமுள்ள ஒற்றை ரிம் தேவைப்பட்டது. அந்தப் பள்ளம் உள்நோக்கி இறங்குவதால் பிரேக் டிரம்மில் இடிக்கும். எனவே டயர் அமரும் இடத்தின் விட்டம் 2.5 அங்குலம் கூட்டப்பட்டது. வெளிவிட்டம் ஏறக்குறைய மாறவில்லை. டயர் அமரும் பரப்பின் சாய்வும் 5 டிகிரியிலிருந்து 15 டிகிரியாயிற்று. 19.5, 22.5 போன்ற அரை அங்குல அளவுகள் இந்த 15 டிகிரி ரிம்மைக் குறிக்கின்றன.

இதனால் 7.50-20 டயருக்கு 8-22.5, 8.25-20-க்கு 9-22.5, 9.00-20-க்கு 10-22.5, 10.00-20-க்கு 11-22.5 என்று இணை அளவுகள் அமைந்தன. டயரை மட்டும் மாற்றி இதை நிறைவேற்ற முடியாது. ரிம்மையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

ரேடியல் டயர்

மிச்செலின் நிறுவனம் 1946-இல் ரேடியல் டயருக்குக் காப்புரிமை பெற்று, 1952-இல் லாரிக்கான ரேடியலை வெளியிட்டது. பழைய டயரில் இழைகள் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து செல்கின்றன. ரேடியலில் அவை விளிம்புக்கு விளிம்பு நேராகச் செல்ல, மேலே எஃகுப் பட்டை வருகிறது. இது குறைவாகச் சூடாகும், நெடுநாள் உழைக்கும். ஆனால் பக்கச் சுவர் அதிகம் வளைவதால் ரிம்மின் மீது விழும் விசை மாறுபடுகிறது. ஆகவே பழைய ரிம்மில் ரேடியல் மாட்டும் முன், ரிம் தயாரிப்பாளர் அதற்கு ஒப்புதல் அளித்துள்ளாரா என்று அறிய வேண்டும். டியூபும் ரேடியலுக்கு உரியதாக இருத்தல் வேண்டும்.

தேர்வு வழிகள்

முதல் வழி, நல்ல நிலையிலுள்ள லாக் ரிங் ரிம்மை வைத்துக்கொண்டு அதே அளவில் புது நைலான் டயர் போடுவது. லாரியின் பழைய தோற்றம் கெடாது. ஆனால் நெடுநாள் நிறுத்தி வைத்தால் நைலான் டயரின் அடிப்பாகம் தட்டையாகி, புறப்பட்டதும் சிறிது தூரம் வண்டி அதிரும். காற்றடிக்கக் கூண்டும், இந்த ரிம்மில் பழகிய கையும் தேவை.

இரண்டாம் வழி 22.5 அங்குல ரிம்முக்கு மாறுவது. லாரியின் உயரமும் வேகமும் ஏறக்குறைய மாறாதிருப்பதால் இது பலரின் தேர்வாக உள்ளது. போல்ட்டுகளின் எண்ணிக்கை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம், நடுத்துளை, இரட்டைச் சக்கரங்களுக்கு இடையிலான இடைவெளி ஆகிய அனைத்தும் பொருந்த வேண்டும்.

மூன்றாம் வழி 19.5 அங்குலம். டயர் எளிதில் கிடைக்கும். ஆனால் 8.25-20 டயரின் விட்டம் ஏறத்தாழ 38 அங்குலம். 225/70 ஆர் 19.5 டயரின் விட்டம் சுமார் 32 அங்குலம். அதே சாலை வேகத்துக்கு எஞ்சின் ஏறத்தாழ 19% கூடுதலாகச் சுழல வேண்டும். பழைய லாரிகள் பொதுவாகவே மெதுவான கியர் விகிதம் கொண்டவை என்பதால் இந்த இழப்பு பெரிதாகத் தெரியும். ஸ்பீடோமீட்டரும் உண்மையைவிட அதிக வேகம் காட்டும்.

எந்த வழியிலும் சில பொது விதிகள் உண்டு. ஒரே அச்சில் ரேடியலையும் நைலான் டயரையும் கலக்கக் கூடாது. இரட்டைச் சக்கரத்தின் இரு டயர்களும் ஒத்த விட்டமுடையனவாக இருத்தல் வேண்டும்; இல்லையேல் பெரிய டயரே சுமையைத் தாங்கிச் சூடாகும். சுமைத்திறன் குறியீடு லாரியின் எடைக்குக் குறையக் கூடாது. 2000-ஆம் ஆண்டு முதல் அமெரிக்க டயர்களில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் காட்டுகின்றன. பூப் பதிவு தேயாத டயரும் வயதால் வெடிக்கக்கூடும் என்பதால் இதைப் பார்த்தே வாங்க வேண்டும்.

இந்தியாவில்

இந்திய லாரிகளிலும் டியூபும் ஃப்ளாப்பும் லாக் ரிங்கும் கொண்ட 20 அங்குலச் சக்கரங்களே பல பத்தாண்டுகள் நிலைத்திருந்தன. ரேடியலின் பரவல் இங்குத் தாமதமாகவே நிகழ்ந்தது. இன்று திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய்கண்டிகையிலுள்ள மிச்செலின் ஆலையிலேயே லாரி ரேடியல்கள் தயாராகின்றன. எனினும் லாக் ரிங் ரிம்கள் இன்னும் மறைந்துவிடவில்லை. ஆதலால், காற்றடிக்கும்போது வளையத்தின் எதிரே நிற்கக் கூடாது என்னும் எச்சரிக்கை பழைய லாரிகளைப் பாதுகாப்போருக்கு மட்டுமன்றி, பஞ்சர் கடைகளில் பணிபுரிவோருக்கும் இன்றும் பொருந்துகிறது.