எத்தனை போனில்தான் பார்ப்பது?

"ஒரு ஆப்பை முடிச்சாச்சுன்னா முடிச்சாச்சு, அதை எத்தனை போனில்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பீங்க?" பொட்டி தட்டும் நம்மாட்களின் வீட்டில் இப்படிக் கேட்காத தங்கமணி கிடையாது. நியாயமான கேள்விதான். ஆனால் பதில் கொஞ்சம் நீளம்.

2000-ல் வந்த நோக்கியா 3310 நினைவிருக்கிறதா? திரை 84×48 புள்ளிகள், கருப்பு வெள்ளை. பாம்பு விளையாட அது போதும். பிறகு 6600 (2003) 176×208, என்73 (2006) 240×320. ஒரே கம்பெனிக்குள்ளேயே இத்தனை! ஜாவாவில் எழுதியவர்கள், திரையின் அகலம் உயரம் என்ன என்று போனையே கேட்டுத்தான் படம் வரைந்தார்கள். கணினியில் எமுலேட்டரில் ஓட்டினால் எல்லாம் அம்சமாக இருக்கும். அசல் போனில் கடைசி வரி காணாமல் போயிருக்கும். அதனால்தான் டிராயர் நிறைய போன் வாங்கி வைத்துச் சோதித்தார்கள்.

2007-ல் ஐபோன் வந்தது. 3.5 அங்குலம், 320×480. வெளியாட்கள் ஆப் எழுத 2008-ல் வழி திறந்தபோது சிமுலேட்டரும் கூடவே வந்தது. போட்டோஷாப்பில் வரைந்தது வரைந்தபடியே திரையில் உட்காரும். டிசைனர்களுக்கு அது பொற்காலம். 2010-ல் ஐபோன் 4 அதே 3.5 அங்குலத்துக்குள் 640×960 புள்ளிகளை அடைத்தது. ஆப்பிள் கெட்டிக்காரத்தனமாக மிகச்சரியாக இரண்டு மடங்காக்கியதால், இரட்டை அளவுப் படங்களைச் சேர்த்ததோடு வேலை முடிந்தது. 2012-ல் ஐபோன் 5 நீளமானபோதுதான் அந்தச் சொகுசு போயிற்று.

ஆண்ட்ராய்டில் சொகுசு என்ற பேச்சே நீடிக்கவில்லை. 2008-ன் ஜி1 போனும் 320×480 தான். அடுத்த வருஷமே 240×320, 480×854 என்று ஆளுக்கொரு அளவு. அதற்கு 2009-ல் 1.6 பதிப்பு சொன்ன வழி, புள்ளிகளை எண்ணுவதையே விடுவது. ஓர் அங்குலத்தில் 160 புள்ளி உள்ள திரையை அடிப்படையாக வைத்து டிபி என்ற அளவைப் பயன்படுத்தச் சொன்னார்கள். 48 டிபி பட்டன் அங்கே 48 புள்ளி. அங்குலத்துக்கு 320 உள்ள திரையில் 96. விரலுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. எனக்கு இதுதான் இந்தக் கதையிலேயே பெரிய திருப்பம்.

2011-ல் 3 அங்குல கேலக்ஸி ஒய், 5.3 அங்குல கேலக்ஸி நோட் இரண்டும் ஒரே கம்பெனியிலிருந்து வந்தன. டிராயர் நிரம்பி வழிந்தது :-) 2013 மே மாதம் கூகுள் அறிமுகப்படுத்திய ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில், ஒரே வடிவமைப்பைப் பல திரைகளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. ஆணி பிடுங்குவது பாதியாகக் குறைந்தது என்றே சொல்லலாம்.

ஆனால் முன்னோட்டத்தில் நாம் எழுதிப் பார்ப்பது பெரும்பாலும் ஆங்கிலம், நடுத்தர எழுத்து. ஊரில் அப்பாவின் போனிலோ தமிழ், அதுவும் இருப்பதிலேயே பெரிய எழுத்து. 'செட்டிங்ஸ்' இருந்த இடத்தில் 'அமைப்புகள்' வந்து அடுத்த வரிக்கு இறங்கும், மேலே உள்ள சுழி வெட்டுப்படும். டிக்கெட் போடும் ஆப் ஒன்றில் கடைசி பட்டன் திரைக்குக் கீழே போய்விட, நகர்த்தவும் வழியில்லாமல் அவர் எனக்குப் போன் செய்தார். இங்கிருந்து நான் போட்டுக் கொடுத்தேன்.

2021-ல் நிலைபெற்ற ஜெட்பேக் கம்போஸில் முன்னோட்டத்துக்கே மொழியையும் எழுத்துப் பெருக்கத்தையும் சொல்லிவிடலாம், இரண்டே வார்த்தைதான். எங்கள் டீமில் சின்னத் திரை, தமிழ், ஒன்றரை மடங்கு எழுத்து என்று ஒரு முன்னோட்டம் எப்போதும் முதலில் நிற்கும்.