மஞ்சள் நிறத்துக்கு வரி

அமெரிக்கக் கூட்டாட்சி அரசு வெண்ணெயின் தூய்மையைக் காக்க முற்பட்டபோது, அந்தப் பொறுப்பைச் சுகாதார அதிகாரிகளிடம் அல்லாமல் உள்நாட்டு வரித் துறையிடம் ஒப்படைத்தது. பிரெஞ்சு வேதியியலாளர் இப்போலித் மேஜ்-மூரியே 1869இல் மாட்டுக்கொழுப்பிலிருந்து உருவாக்கிய மார்கரின், சில ஆண்டுகளிலேயே அட்லாண்டிக்கைக் கடந்து, பல கடைகளில் வெண்ணெய் என்ற பெயரிலேயே விலைபோனதால், பால்பண்ணை உழவர்கள் காங்கிரஸை நெருக்கினர். அதன் விளைவாக 1886இல் இயற்றப்பட்ட சட்டம் மார்கரினுக்குப் பவுண்டுக்கு 2 சென்ட் வரி விதித்ததோடு, உற்பத்தியாளருக்கு 600 டாலர், மொத்த வணிகருக்கு 480 டாலர், சில்லறை வணிகருக்கு 48 டாலர் என ஆண்டு வரியும் விதித்தது.

அதே சட்டம் வெண்ணெய்க்கு அளித்த வரையறைதான் கூர்ந்து நோக்கத்தக்கது. பாலிலிருந்தோ பாலேட்டிலிருந்தோ மட்டுமே செய்யப்பட்டது வெண்ணெய் என்று கூறிய அது, உப்போடு நிறமூட்டும் பொருளையும் சேர்க்க இடமளித்தது. குளிர்காலத்தில் உலர்ந்த வைக்கோலைத் தின்னும் பசுக்களின் வெண்ணெய் வெளிறிப்போகும் என்பதால், அன்னாட்டோ என்னும் விதைச்சாயத்தை அதில் கலப்பது பண்ணைகளின் வழக்கமாக இருந்தது. ஆனால் 1902இல் திருத்தப்பட்ட சட்டம், செயற்கையாக மஞ்சளூட்டிய மார்கரினுக்கு 10 சென்டும் நிறமூட்டாததற்குக் கால் சென்டும் விதித்தது. இதை ஓரவஞ்சனை என்று சொல்லாமல் இருக்க முடியாது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலமோ மார்கரினுக்கு இளஞ்சிவப்புச் சாயம் ஏற்ற வேண்டும் என்றே ஆணையிட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் 1898இல் அதைச் செல்லாததாக்கியது.

எனினும் 1902ஆம் ஆண்டுச் சட்டம் வெண்ணெயையும் விட்டுவைக்கவில்லை. கெட்டுப்போன வெண்ணெயை உருக்கி, காற்றைச் செலுத்தி நாற்றம் போக்கி, மீண்டும் கடைந்தெடுத்த 'புதுப்பித்த வெண்ணெய்' கால் சென்ட் வரிக்கு உட்பட்டது. அளவுமீறி நீரை ஏற்றி எடை கூட்டிய வெண்ணெய் 'கலப்பட வெண்ணெய்' எனப்பட்டு 10 சென்ட் வரி பெற்றது.

நிறவரியை எதிர்த்த மெக்ரே என்பவரின் வழக்கில், சர்ச்சைக்குரிய மார்கரினுக்கு மஞ்சள் நிறம் வந்ததே அதில் கலந்திருந்த, சாயமேற்றிய வெண்ணெயிலிருந்துதான். ஆயினும் காங்கிரஸின் உள்நோக்கத்தை ஆராய்வது தன் வேலையன்று எனக் கூறி, உச்ச நீதிமன்றம் 1904இல் அவர்மீதான 50 டாலர் அபராதத்தை உறுதிசெய்தது.

வெண்ணெயில் எடைப்படி குறைந்தது 80 சதவீதம் பால்கொழுப்பு இருக்க வேண்டும் என்ற அளவுகோல் 1923இல்தான் சட்டமானது. இதற்கிடையே, நிறவரிக்கு அஞ்சிய நிறுவனங்கள் மார்கரினை வெள்ளையாகவே விற்று, சாயத்தைத் தனியே இணைத்துக் கொடுத்தமையால், அதைப் பிசைந்து மஞ்சளாக்கும் வேலை இல்லத்தரசிகளின் தலையில் விழுந்தது. கூட்டாட்சி வரி 1950இல் நீக்கப்பட்ட பின்னரும், பால்வளம் மிக்க விஸ்கான்சின் மாநிலம் மஞ்சள் மார்கரினுக்கு விதித்த தடையை 1967 வரை தளர்த்தவில்லை.