தந்தையின் தொட்டியும் தனயனின் மண்ணும்



கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி வந்து, தூய நீர் நிரப்பி, அன்றைக்கே நான்கைந்து பொன்மீன்களை அதில் விட்டவர்கள் நம்மிற் பலர். நீர் பளிங்கு போலத் தெளிந்திருக்கும். முதலிரு நாள் மீன்களும் துள்ளித் திரியும். பின்னர் அவை நீர்மட்டத்துக்கு வந்து வாய் திறந்து திணறும். சில நாட்களில் ஒவ்வொன்றாய் மிதக்கும். உணவிலும் குறைவில்லை, நீரிலும் அழுக்கில்லை. ஆயினும் மீன் மாண்டது ஏன்? இவ்வினாவின் விடைக்கு விஞ்ஞானம் வந்து சேர ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் சென்றன. அவ்வரலாற்றிலே ஒரே பெயர் பூண்ட தந்தையும் மகனும் இடம்பெறுகின்றனர்.

தந்தை, றொபேட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர். 1841ஆம் ஆண்டில் இலண்டன் இரசாயனச் சங்கம் தோன்றுவதற்கு முன்னின்று உழைத்தவர். 1849ஆம் ஆண்டில் அவர் பன்னிரண்டு கலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் பாதியளவு ஊற்றுநீர் வார்த்தார். அடியில் மணலும் சேறும் சிறு கற்களும் இட்டார். வலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியை நட்டு, இரண்டு சிறிய பொன்மீன்களை விட்டார். மீன் வெளிவிடும் காபனீரொட்சைட்டைச் செடி ஏற்கும், செடி வெளிவிடும் ஒட்சிசனை மீன் சுவாசிக்கும். ஆகவே நீரை மாற்றாமலே இரண்டும் வாழும் என்பது அவர் கருத்து.

சில காலத்தில் செடியின் முதிர்ந்த இலைகள் அழுகி நீரைக் கலக்கின. அவர் குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். நத்தைகள் அழுகலைத் தின்றன, அவற்றின் முட்டைகளும் குஞ்சுகளும் மீனுக்கு இரையாயின, நீர் தெளிந்தது. மீன், செடி, நத்தை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கும் இச் 'சமநிலை'யை அவர் 1850ஆம் ஆண்டில் இரசாயனச் சங்கத்துக்கு விளக்கினார். 1853ஆம் ஆண்டில் இலண்டன் மிருகக்காட்சிச் சாலையில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. மறு ஆண்டிலே பிலிப் ஹென்றி கொஸ் இப்பொருள் பற்றி எழுதிய நூல் வெளிவந்தது. கண்ணாடிமீது இருந்த வரி 1845ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டிருந்தமையால், இங்கிலாந்தின் இல்லங்கள் பலவற்றில் மீன்தொட்டி புகுந்தது.

வாரிங்டனின் விளக்கம் பொய்யன்று. ஆனால் அது பாதி உண்மையே. மூச்சுக் காற்றின் கணக்கை அவர் சரியாகவே போட்டார். கழிவின் கணக்கு விடுபட்டது. மீன் தன் பூக்கள் வழியாக ஓயாது அமோனியாவை வெளியேற்றுகின்றது. தின்னாது எஞ்சிய உணவு அழுகும்போதும் அதுவே உண்டாகின்றது. அமோனியா நிறமற்றது; கண்ணுக்குப் புலப்படாது கரைந்திருந்து மீனைக் கொல்லும் நஞ்சு. அவர் தொட்டியிலே அந்நஞ்சு ஏன் பெருகவில்லை? செடிகள் ஒரு பங்கை உறிஞ்சியிருக்கும். அவர் இட்ட சேற்றோடும் மணலோடும் காணாத உயிர்கள் கோடிக்கணக்கில் உடன்வந்தன என்பதையும் இன்று நாம் அறிவோம். அதை அறியாமலே 1867ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

பத்தாண்டுகளின் பின்னர், மீன்தொட்டியோடு தொடர்பில்லாத ஓர் ஆராய்ச்சி இதற்கு வழி திறந்தது. 1877ஆம் ஆண்டில் பிரான்சிய அறிஞர்களான ஷ்லோசிங், மியுன்ட்ஸ் என்போர், மணலும் சிறிதளவு சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய நீண்ட குழாய் ஒன்றின் வழியாகச் சாக்கடை நீரை மெல்ல மெல்லச் செலுத்தினர். முதல் இருபது நாள்வரை உட்சென்ற அமோனியா அப்படியே வெளிவந்தது. பின்னர் அது குறைந்து, நைத்திரேற்று தோன்றலாயிற்று. குழாய்க்குள் குளோரோபோம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றது. மண் கரைத்த நீரை ஊற்றியதும் சின்னாட்களில் மீண்டும் தொடங்கிற்று. வெறும் இரசாயன மாற்றமாயின் இருபது நாள் காத்திருக்க வேண்டியதில்லை. குளோரோபோமுக்கு மயங்க வேண்டியதுமில்லை. ஆகவே இது உயிர்களின் தொழில் என அவர்கள் முடிவு செய்தனர்.

இங்கேதான் மகன் வருகின்றார். அவர் பெயரும் றொபேட் வாரிங்டன். இங்கிலாந்தின் ரொதாம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில், பயிருக்கு உரமாகும் நைத்திரேற்று மண்ணில் எவ்வாறு பிறக்கின்றது என்று அவர் ஆராய்ந்தார். அத்தொழில் இரு படிகளில் நடப்பதை அவர் கண்டார். ஒருவகை உயிர் அமோனியாவை நைத்திரைற்று ஆக்குகின்றது. மற்றொன்று அதனை நைத்திரேற்று ஆக்குகின்றது. ஆயினும் அவ்வுயிர்களைத் தனித்துப் பிரிக்க அவரால் இயலவில்லை. பிற கிருமிகள் செழிக்கும் ஜெலற்றின் கூழிலே இவை வளர மறுத்தன. 1890ஆம் ஆண்டளவில் சூரிச் நகரிலிருந்த வினோகிராட்ஸ்கி என்னும் ருசிய அறிஞர், உயிர்ப்பொருள் கலவாத ஊடகத்திலே அவற்றை வளர்த்துப் பிரித்தார். தந்தையின் தொட்டியில் விடுபட்ட கணக்கை மகன் வயல் மண்ணிலே கண்டார் எனலாம்.

புதுத்தொட்டியின் மர்மம் இப்போது விளங்குகின்றது. அதன் நீர் தூயது. ஆனால் அமோனியாவை மாற்றும் பற்றீரியாக்கள் அங்கே இன்னும் குடியேறவில்லை. அவை நீரில் மிதப்பதைவிட மணலிலும் கல்லிலும் வடிகட்டியிலும் ஒட்டியே வாழ்வன, மெல்லவே பெருகுவன. முதற்குடி பெருகியதும் அமோனியா குறையும், நைத்திரைற்று கூடும். அதுவும் நஞ்சே, மீனின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை அது கெடுக்கின்றது. இரண்டாங் குடியும் நிலைத்த பின்னரே, பெரிதும் தீங்கற்ற நைத்திரேற்று எஞ்சும். இதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் செல்லும்.

ஆதலின் அறிந்தோர் மீன் விடுமுன் தொட்டியைப் பக்குவப்படுத்துகின்றனர். சிறிதளவு அமோனியாவையோ, ஒரு சிட்டிகை மீனுணவையோ இட்டு, வடிகட்டியை இயக்கி வைப்பர். பழைய தொட்டியின் மணலில் ஒரு பிடி கிடைப்பின் காலம் குறுகும். பிரான்சிய அறிஞர் ஊற்றிய மண்கரைசலின் வேலையை அது செய்யும். இட்ட அமோனியா ஒரு நாளில் மறைந்து, நைத்திரைற்றும் இல்லையெனச் சோதனை காட்டிய பின்னர், சில சில மீன்களாய் விடுவர். வடிகட்டியைக் குளோரீன் கலந்த குழாய்நீரிற் கழுவார். குளோரோபோம் அன்று செய்ததைக் குளோரீன் இன்று செய்யும்.

இவ்வாராய்ச்சி முடிந்துவிடவில்லை. தொட்டிகளிலே நைத்திரைற்றை மாற்றுவது முன்பு கருதிய இனமன்று, நைத்திரோஸ்பைரா என்னும் இனமே என்று 1998ஆம் ஆண்டில் ஆய்வாளர் காட்டினர். அவ்வினத்திலே இரு படிகளையும் ஒருங்கே செய்யும் உயிர்களும் உள என்பது 2015ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

எமது தென்மேற்கு மழைக்காட்டு ஓடைகளிலே, 1929ஆம் ஆண்டில் தெரணியகல விவரித்த செந்நிறச் சிறுமீன் ஒன்று வாழ்கின்றது. இன்று உலகெங்கும் அது தொட்டிகளில் வளர்க்கப்படுகின்றது. ஓடையிலே அதன் கழிவைக் கற்களும் சருகுகளும் தாங்கிய நுண்ணுயிர்கள் மாற்றின. மீனை மட்டும் எடுத்து வந்தோம், அவ்வேலையாட்களை விட்டுவந்தோம். அவர்கள் வந்து சேரும்வரை வெறுந் தொட்டியைப் பார்த்திருப்பது கடினந்தான். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும் அன்றோ?