கண்வில்லைக் கேமரா

தொலைநோக்கியின் கண்வில்லையைக் கழற்றிவிட்டு, அதே 1.25 அங்குலக் குழாயில் செருகும் சிறு டிஜிட்டல் கேமரா. யுஎஸ்பி வடம் வழியே படம் மடிக்கணினிக்குப் போகும். உணரி மிகச் சிறியது; நிலா பெரும்பாலும் முழுதாக அடங்காது. காற்றலைவை வெல்ல, வீடியோவாகப் பதிந்து, தெளிவான சட்டங்களை மட்டும் மென்பொருளால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள்.

இக்கேமராவைச் சென்னைப் புறநகர்களான தாம்பரம், குரோம்பேட்டை மொட்டை மாடிகளில் பயன்படுத்துவோருக்குத் தெருவிளக்கொளி அதிகம். மங்கலான நெபுலாக்களை மறந்துவிடலாம். கோள்களுக்கோ இது நல்ல இடம். ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகை என்பதால் வியாழனும் சனியும் உச்சத்தில் 50 பாகைக்கு மேல் ஏறும்; லண்டனில் சில ஆண்டுகள் 20 பாகைகூடத் தேறாது. தொலைநோக்கியின் தாங்கியைத் திசைப்படுத்த உதவும் துருவ நட்சத்திரம் மட்டும் 13 பாகை உயரத்தில், பெரும்பாலும் அடுக்ககங்களுக்குப் பின்னால். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஜனவரி முதல் மார்ச் வரை ஏற்ற காலம். இருண்ட வானம் வேண்டுவோர் காவலூர் வானாய்வகம் உள்ள ஜவ்வாது மலைப் பக்கம் போகலாம்.